ஆத்தாவை மார்கழிக்குச் சென்னை கூட்டிப் போக: எந்த சபா, எந்த நாள், எங்கே தங்குவது?

கானாடுகாத்தான்_மக கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தாவை இந்த மார்கழி இசை விழாவுக்கு நாலு நாள் சென்னைக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். நாங்கள் இரண்டே பேர்தான். ஆத்தாவுக்கு 68, எனக்கு 47. விவரம் இதுதான்:

முழங்கால் வலி உண்டு. நடப்பார்கள், ஆனால் படி ஏறுவது சிரமம். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை மட்டும்தான். தேவாரம், திருவெம்பாவை மனப்பாடம். கர்நாடக சங்கீதம் ரேடியோவில் கேட்டதோடு சரி, ராகம் தாளமெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சென்னைக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறார்களே தவிர, ஊர் பார்க்க என்று ஒருநாளும் போனதில்லை. மாலும் கடற்கரையும் வேண்டாம். பாட்டு, கோயில், பார்க்கத் தகுந்த பழைய பொருள் என்று இருந்தால் போதும்.

தெரிய வேண்டியது: எந்தத் தேதி நல்லது, எந்த சபா (கச்சேரி நடத்தும் சங்கம்), டிக்கெட் எப்படி, எந்தப் பக்கம் தங்குவது. மியூசிக் அகாடமி டிக்கெட் கிடைக்காவிட்டால் போவதே வீண் என்கிறார்கள், நிஜமா?

பள்ளத்தூர்_தம்புரா:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வீண் இல்லை. ஆத்தாவுக்கு அகாடமி இரண்டாம் பட்சம்தான்.

மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. டிசம்பர் 15 தொடங்கி ஜனவரி 1 வரை அங்கே விழா. பெரிய வித்வான்கள் பாடும் மாலைக் கச்சேரிக்கு முன்வரிசையெல்லாம் சீசன் டிக்கெட்காரர்கள் கையில். தினசரி டிக்கெட்டில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாடி. முழங்கால் வலிக்காரரை மாடிப்படி ஏற்றி, அரை மணிக்கு ஒருதரம் கழிப்பறைக்கு இறக்கி ஏற்றினால் கச்சேரி எங்கே கேட்பது? காலையில் நடக்கும் விளக்க உரைகளுக்கு அனுமதி இலவசம்தான், தரமானவையும்கூட. ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அகாடமியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மதியம் நடக்கும் இளையவர் கச்சேரிக்குப் போங்கள். கூட்டம் குறைவு, கீழேயே உட்காரலாம்.

தேவாரம் மனப்பாடமான ஆளுக்கு முதல் இடம் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றம். அதை நடத்தும் தமிழ் இசைச் சங்கம் 1943இல் தொடங்கியது, தொடங்கியவர் உங்கள் ஊர்க்காரர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். மேடையில் தமிழ்ப் பாட்டே அபூர்வம் என்றிருந்த காலத்தில் அதற்கென்றே ஒரு மேடை வேண்டும் என்று எழுந்த சங்கம் அது. மார்கழியில் அங்கே நடக்கும் விழாவில் முழுக்கத் தமிழ்ப் பாட்டுதான். பண் ஆராய்ச்சியும் உண்டு: ஓதுவார்களும் இசைவாணர்களும் உட்கார்ந்து, இந்தப் பதிகத்துக்கு இந்தப் பண், அது இன்றைக்கு இந்த ராகம் என்று பாடிக்காட்டிப் பேசுவார்கள். பேச்சு தமிழில். ஆத்தாவுக்குத் தெரிந்த பதிகம் வந்தால் கூடவே வாயசைப்பார்கள். கட்டடத்தில் இசைக்கருவிகளின் காட்சிக்கூடமும் இருக்கிறது. விழா நாட்களில் திறந்திருக்குமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போகக் கார் வேண்டாம். எழும்பூர் மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையம் சென்ட்ரல். அங்கே நீல வழிக்கு மாறினால் அடுத்ததே உயர் நீதிமன்றம். இறங்கினால் மன்றம் பக்கம்தான். மின்தூக்கி இருக்கிறது. ஆனால் சென்ட்ரலில் வழி மாறும்போது கூட்டத்தோடு ஓடாமல் மின்தூக்கி எங்கே என்று அறிவிப்புப் பலகை பார்த்துப் போகவேண்டும், இல்லாவிட்டால் நகரும் படிக்கட்டில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இனிக் கச்சேரி கேட்கும் முறை. மாலை 6.30க்குத் தொடங்கும் இரண்டரை மணிக் கச்சேரி என்று வையுங்கள். முதலில் வர்ணம், பிறகு சின்னக் கீர்த்தனைகள் இரண்டு மூன்று. 7.30, 7.45 வாக்கில் பிரதான உருப்படி: ஆலாபனை (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது), கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியைப் பல விதமாகப் பாடுவது), ஸ்வரம். அதன் கடைசியில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம், ஏறக்குறைய 8.15க்கு. தனி வந்தால் பாதி சபை கேன்டீனுக்குக் கிளம்பும். நீங்கள் கிளம்பாதீர்கள். அதற்கப்புறம் வரும் அரை மணி துக்கடாவில்தான் (கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகள்) விருத்தம், திருப்புகழ், காவடிச் சிந்து எல்லாம். ஆத்தாவுக்குக் காது நிமிர்வது அப்போதுதான். இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது என்றால் முதல் ஒரு மணியை விட்டுவிட்டு 7.30க்கு உள்ளே போங்கள், கடைசி வரை இருங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்து, நல்லதை விட்டுவிட்டு வருகிறார்கள்.

தாமதமாகப் போனால் பாட்டு முடிந்து கைதட்டும்போது மட்டும் நுழையுங்கள். இருக்கை நடுவில் வேண்டாம், ஓரம் வேண்டும், காலை நீட்டலாம். மேடைக்கு இருபுறமும் ஒலிபெருக்கி இருக்கும். அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தால் மிருதங்கம் மண்டையில் அடிக்கும். நடு வரிசைக்குக் கொஞ்சம் பின்னே, நடைபாதை ஓரமாகப் பாருங்கள்.

ரயில்_கோட்டையூர்:

பயண விஷயம் மட்டும் சொல்கிறேன்.

போக இரண்டு வழி. ஒன்று, காரைக்குடியில் விடியற்காலை கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ். மதியவாக்கில் சென்னை. விடுதியில் அறை கொடுக்கும் நேரமும் அதுதான், நேரே போய்க் கையைக் காலை நீட்டலாம். இன்னொன்று, ராமேஸ்வரத்திலிருந்து வரும் ராத்திரி வண்டிகள். படுத்துக்கொண்டே போகலாம், ஆனால் காலையில் இறக்கிவிடும். 12 மணி வரை அறை கிடைக்காமல் பெட்டியோடு வரவேற்பறையில் உட்காரவேண்டும். வயதானவர்களுக்கு அந்த ஆறு மணி நேரம்தான் பெரிய அலுப்பு. ராத்திரி வண்டி என்றால் முதல் நாள் வாடகையும் கொடுத்து அறையைப் பிடித்து வையுங்கள்.

திரும்ப வரும்போது ராத்திரி வண்டி வேண்டவே வேண்டாம். ராமேஸ்வரம் வண்டிகள் நம் ஊரில் இறக்கிவிடுவது நள்ளிரவுக்கு மேல். பின் மதியப் பல்லவனில் ஏறினால் ராத்திரி 11க்குள் வீட்டில் இருக்கலாம்.

முன்பதிவு இப்போது 60 நாள்தான் (2024 நவம்பர் முதல்). டிசம்பர் 20க்குப் போகவேண்டும் என்றால் அக்டோபர் 21 காலை 8 மணிக்குத் திறக்கும். பல்லவன் உட்காரும் வண்டி. ஏசி சேர்காரும் உண்டு, சாதா இரண்டாம் வகுப்பும் உண்டு. மார்கழியில் ஏசி அவசியமில்லை, ஆனால் சேர்காரில் முதுகு சாயும், முழங்காலுக்கு அது நல்லது.

ராத்திரி வண்டியே வேண்டும் என்றால் ஒரு நுணுக்கம். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு பெண்களுக்கு 45 வயதிலிருந்து. ஒரே டிக்கெட்டில் தனியாகவோ இரண்டு பேராகவோ போகும்போது, இருவருக்குமே அந்த வயதுத் தகுதி இருந்தால்தான் செல்லும். உங்களுக்கு 47, ஆத்தாவுக்கு 68. ஒதுக்கீட்டில் இடம் இருந்தால் இரண்டு பேருக்கும் கீழ்ப்படுக்கை வரும். 40 வயது மகனோ மருமகனோ அதே டிக்கெட்டில் சேர்ந்தால் ஒதுக்கீடு போய்விடும். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, அதை எதிர்பார்க்கவேண்டாம்.

எழும்பூர் நிலையத்தில் விரிவாக்க வேலை. சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள், அங்கிருந்தே எடுக்கிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாளும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேவகோட்டை_ஆச்சி:

மக, சபா டிக்கெட்டையும் ரயிலையும் பார்க்குமுன் பஞ்சாங்கத்தைப் பாரு. பிள்ளையார் நோன்பு எப்போ வருது? திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், பெரும்பாலும் மார்கழியில் வரும். இழை (நோன்பன்னிக்குத் திரி போட்டு ஏத்தி உண்ணும் மாவு) எடுக்காமல் உங்க ஆத்தா வரமாட்டாங்க, வந்தாலும் மனசு அங்கே இருக்காது. சென்னையிலும் நம்ம நகரத்தார் கூடி இழை எடுக்கிறாங்க, ஆனால் சொந்த வீட்டு வளவில் எடுக்கிறதை விட்டுட்டு வரச் சொல்றது உனக்கே நல்லாயிருக்காது. திருவாதிரையும் அப்படித்தான். பங்காளி வீட்டில் பெண்பிள்ளைக்குத் திருவாதிரைப் புதுமைச் சடங்கு இருந்தால் அந்தத் தேதி போச்சு. இரண்டையும் தள்ளி வச்சுட்டு மிச்சத்தில் நாலு நாள் எடு.

டிசம்பர் முதல் பாதி வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இன்னும் விட்டிருக்காது. 2023இல் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மிதந்தது டிசம்பர் 3, 4இல்தான். 18க்கு மேல் பாரு. ஜனவரி பத்துக்குள் ஊர் திரும்பிடணும். பொங்கல் வேலை இருக்கு, அதுக்குப் பிறகு செவ்வாய்ப் பொங்கல், பழனி நடைப்பயணம் என்று வரிசையா வந்துரும்.

சபாக்களில் ஏசி குளிர் கடுமை. கண்டாங்கி உடுத்திக்கிட்டு வெறுங்கையோட போனால் ஒரு மணி நேரத்தில் முழங்கால் பிடிச்சுக்கும். சால்வை ஒண்ணு தோளுக்கு, இன்னொண்ணு காலுக்கு. காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கச் சொன்னால் கூச்சப்படுவாங்க, மடியில் போர்த்திக்கச் சொல்லு.

கேன்டீன் பற்றி யாரும் சொல்லலையே! பாதிப் பேர் அதுக்குத்தான் வர்றாங்க. பெரிய சபாக்களில் கச்சேரி டிக்கெட் இல்லாமலும் கேன்டீனுக்குப் போகலாம். மதியம் இலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் டிபன். 5.45லிருந்து 6.30 வரை நிற்க இடமிருக்காது. சர்க்கரைக்காரங்களை அந்த வரிசையில் நிறுத்தாதே. 5 மணிக்கே போய் டோக்கன் வாங்கிச் சாப்பிட வச்சு, மாத்திரையும் கொடுத்துட்டா 9 மணி வரை தாங்கும். கீரை வடை நல்லாயிருக்கும். அக்கார அடிசில், காசி அல்வா கண் முன்னாடி போகும், ஒரு கரண்டி வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்துக்கோங்க. உறைப்பு நம்ம பக்கம் மாதிரி இருக்காது. மிளகாய்த் துவையல் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துட்டுப் போனா குத்தமில்லை.

வெண்கலம்_புதுவயல்:

பழைய பொருள் என்று கேட்டதற்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் மூடியிருக்கும். வளாகம் பெரிது, ஐந்தாறு கட்டடம். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் ஆத்தாவுக்குக் கால் போய்விடும். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள், அதில் மட்டும் ஒன்றரை மணி. மற்றதை விட்டதற்கு வருத்தப்படவேண்டாம்.

திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கேதான். கோயிலில் உற்சவர் என்றால் பட்டும் மாலையும் கவசமும் போக முகமும் கையும்தான் நமக்குத் தெரியும். இங்கே ஒரு துணி இல்லாமல் வார்த்தபடி நிற்கிறார்கள். அர்த்தநாரியைச் சுற்றி வந்து பின்புறமும் பாருங்கள்: இடப்பக்க இடுப்பு வளைவும் வலப்பக்க நேர்த்தொடையும் ஒரே உடம்பில் எப்படிச் சேர்கிறது என்பது முன்னால் நின்றால் முழுக்கத் தெரியாது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறினதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அதனால் ஒரு வார்ப்பில் ஒரே படிமம்தான். இதை முன்கூட்டி ஆத்தாவிடம் சொல்லிவிட்டால் பார்க்கும் பார்வையே மாறும். சிலர் திருவெண்காட்டு ரிஷபவாகனரையும் அங்கே தேடுவார்கள். அவர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார்.

கூடத்தில் மாடிகள் உண்டு. மின்தூக்கி அன்றைக்கு ஓடுகிறதா என்று டிக்கெட் வாங்குமிடத்திலேயே கேளுங்கள். ஓடவில்லை என்றால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காலை 10 மணிக்குள் போனால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிடலாம்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 25 கிலோமீட்டர் தெற்கே. 1996இல் திறந்தார்கள், செவ்வாய் விடுமுறை.

பள்ளத்தூர்_தம்புரா:

@வெண்கலம்_புதுவயல் வேண்டுமென்றுதான் சொல்லவில்லை அண்ணே. அங்கே பெரிய ஈர்ப்பே செட்டிநாட்டு வீடு. கானாடுகாத்தான் ஆச்சியை 25 கிலோமீட்டர் கார் வைத்துக் கூட்டிப் போய்த் தேக்குத் தூணைக் காட்டினால், வாசல் நிலை எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிசு என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்கள்.

வெண்கலம்_புதுவயல்:

@பள்ளத்தூர்_தம்புரா அதைச் சொல்ல வைப்பதற்கே போகலாம். நம் பக்கம் வீடுகளைப் பிரித்து மரமும் தூணுமாக விற்றதைக் கண்ணால் பார்த்த தலைமுறை. அப்படிப் பிரித்தது ஒன்று வீடாகவே திரும்ப நிற்பதைப் பார்ப்பது வேறு. கேரள வீடும் கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் பக்கத்திலேயே இருக்கின்றன, அடுப்படியையும் முற்றத்தையும் ஒப்பிட்டுப் பேச ஆத்தாவுக்கு நிறைய இருக்கும். ஆனால் நடை அதிகம், தரை மேடு பள்ளம். போவதானால் அந்த நாளைக்கு அதோடு சரி, சாயங்காலக் கச்சேரி வைக்கக் கூடாது. நாலு நாளில் அதற்கு இடம் இல்லை என்றால் விடுவது சரிதான்.

மாடவீதி_நடை:

எங்கே தங்குவது என்ற கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். மயிலாப்பூர். குளத்தைச் சுற்றி, அல்லது லஸ் பக்கம்.

கபாலீசுவரர் கோயில், கிழக்கு மாடவீதி பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் எல்லாம் நடையில் அல்லது ஒரு குட்டி ஆட்டோவில். ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவும் அகாடமியும் சில கிலோமீட்டர்தான். பவனில் இலவசக் கச்சேரிகள் நிறைய. இலவசம் என்றால் முந்தினவருக்கு இருக்கை, அரை மணி முன்னால் போகவேண்டும். தியாகராய நகரில் தங்கினால் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் பக்கம், ஆனால் கடைத்தெரு நெரிசலில் வயதானவரைக் கைபிடித்து நடத்துவது பாடு. புடவைக் கடைக்கு ஒரு மதியம் போய் வந்தால் போதும்.

கபாலி கோயிலுக்கு விடியற்காலை போங்கள். மார்கழியில் சீக்கிரமே திறந்துவிடும், திருவெம்பாவை பாடக் கூட்டம் வரும். ஆத்தா அதில் சேர்ந்து பாடலாம், டிக்கெட் இல்லாத கச்சேரி அது. உள்ளே பூம்பாவைக்குச் சந்நிதி இருக்கிறது. சம்பந்தர் அவளை எழுப்பப் பாடிய பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமல் போவாயோ என்று கேட்பார். மார்கழி ஆதிரையும் அதில் வரும். பதிகம் தெரிந்தவர் அந்தச் சந்நிதி முன்னால் நின்று சொல்வதற்கு ஈடான மாலைக் கச்சேரி எனக்குத் தெரியவில்லை. ஆருத்ரா தரிசனத்தன்று மட்டும் வேண்டாம், நெரிசல். வைகுண்ட ஏகாதசியன்று திருவல்லிக்கேணிப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

ஜனவரி முதல் வாரம் தோதுப்பட்டால் இரண்டு லாபம். அகாடமியில் 3ஆம் தேதியிலிருந்து நாட்டிய விழா. மயிலாப்பூர் திருவிழாவும் அந்த வாக்கில்தான் வரும், வடக்கு மாடவீதியில் தெருவை அடைத்துக் கோலப் போட்டி நடக்கும். நடுவீட்டுக் கோலம் போட்ட கை, மற்றவர் புள்ளியை எண்ணாமல் விடாது.

ஒரு எச்சரிக்கை. 9 மணிக்குக் கச்சேரி விட்டதும் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் செயலியில் கார் கேட்பார்கள். கட்டணம் ஏறும், வண்டி வராது, வந்தாலும் வாசலில் நிற்க விடமாட்டார்கள். மெட்ரோ வேலையால் சாலைத் திருப்பம் வேறு. கடைசிப் பாட்டான மங்களம் தொடங்கும்போதே எழுந்து, பக்கத்துத் தெருமுனையை ஏறுமிடமாகக் குறித்துக் கேளுங்கள். அல்லது மாலைக்கு மட்டும் ஒரு ஆட்டோக்காரரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையம் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடைமேடை ஏகப்பட்ட உயரத்தில்.

கானாடுகாத்தான்_மக:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, நோன்புத் தேதியை மறந்தே போயிருந்தேன்.

இப்படி வைத்திருக்கிறேன். முதல் நாள் பல்லவனில் போய் மயிலாப்பூரில் அறை, சாயங்காலம் பவனில் இலவசக் கச்சேரி, பிடித்த வரைக்கும். இரண்டாம் நாள் விடியற்காலை கபாலி கோயில், காலை 10 மணிக்கு அருங்காட்சியகம், மதியம் அகாடமிக் கச்சேரி, சாயங்காலம் அண்ணாமலை மன்றம். மூன்றாம் நாள் காலை திருப்பாவை உபன்யாசம், மதியம் புடவைக்கடை, மாலை நாரத கான சபா. நாலாம் நாள் மதியம் பல்லவன். சரியா இருக்கா?

தேவகோட்டை_ஆச்சி:

இரண்டாம் நாளைப் பார்த்தா எனக்கே கால் வலிக்குது. ஒரு நாளைக்கு காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மதியம் 1லிருந்து 4 வரை படுக்கணும்.

பள்ளத்தூர்_தம்புரா:

ஆச்சி சொல்வதுதான். அருங்காட்சியகத்தை மூன்றாம் நாள் காலைக்குத் தள்ளுங்கள் (அது வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). உபன்யாசம் அங்கங்கே கோயிலிலும் சபாவிலும் நாள்தோறும் நடக்கும், நாலாம் நாள் காலை 7 மணிக்கு வைத்தால் முடித்து, சாப்பிட்டு, பெட்டி கட்ட நேரம் இருக்கும். அகாடமி மதியக் கச்சேரியை எடுத்துவிடுங்கள். புடவைக்கடைக்குப் போகும் நாள் நாரத கான சபா வேண்டாம், இரண்டில் ஒன்று. எதற்குப் போவது என்று ஆத்தாவையே கேளுங்கள், புடவைக்கடை என்று சொல்லமாட்டார்கள் என்று நம்புவோம்.

நிகழ்ச்சிப் பட்டியலை நவம்பர் கடைசியிலிருந்து சபாக்கள் வெளியிடும். மன்றத்தில் பண் ஆராய்ச்சி எந்த நாள் என்று அதில் பார்த்து, உங்கள் நாலு நாளும் அதைச் சுற்றி வருமாறு வைக்கலாம். ஆனால் ரயில் அதற்கு ஒரு மாதம் முன்பே திறந்துவிடும். அதனால் இப்போதே சங்க அலுவலகத்துக்குப் போன் செய்து விழாத் தேதியைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ரயில்_கோட்டையூர்:

திரும்பும் நாள் பெட்டியை அறையில் விட்டுவிட்டு உபன்யாசத்துக்குப் போகவேண்டாம். 11, 12க்கெல்லாம் காலி செய்யச் சொல்வார்கள். காலையிலேயே வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். மயிலாப்பூரிலிருந்து எழும்பூர் பக்கம்தான், ஆனால் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். பேட்டரி கார் வேண்டுமென்றால் நிலையத்துக்குள் நுழைந்ததும் கேட்கவேண்டும், நடைமேடைப் படியருகே போன பிறகு கேட்டால் கிடைக்காது.